கட்டளைத் திரையில் 'இங்கே' என்பது எது?

கட்டளைவரி கற்றுத்தரும் எவரும் முதல் வகுப்பை மூன்று கட்டளைகளோடுதான் தொடங்குவார்கள். எந்தக் கோப்பகத்தில் இருக்கிறோம் என்று கேட்க பிடபிள்யூடி, அங்கே என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க எல்எஸ், வேறொன்றுக்குப் போக சிடி. டாஸ் காலத்து ஆசிரியர் என்றால் எல்எஸ் இடத்தில் டிர் வரும். அரை மணி நேரத்தில் பாடம் முடிந்துவிடும், குழப்பம் முடியாது. "ஃபைல் இருக்கு சார், ஆனா இல்லைனு சொல்லுது" என்ற புகாரைக் கேட்காத கணினிக்கூடம் உண்டா? பெரும்பாலும் கோப்பு பத்திரமாக இருக்கும். கேட்டவர்தான் வேறிடத்தில் நின்றுகொண்டு கேட்டிருப்பார்.

'நிற்பது', 'போவது' என்று நாம் பேசினாலும், சிடி என்று தட்டும்போது எதுவும் எங்கும் போவதில்லை. வட்டில் ஒரு பிட்கூட நகர்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது ஒவ்வொரு ப்ராசஸுக்கும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. 'முழுப் பாதை தராமல் இந்த நிரல் ஒரு பெயரைச் சொன்னால் எந்தக் கோப்பகத்திலிருந்து தேடத் தொடங்குவது' என்பது அதில் ஒரு பதிவு. சிடி மாற்றுவது அந்தப் பதிவை மட்டுமே. நடப்புக் கோப்பகம் என்பது அதுதான். முழுப் பாதை தபால் உறையில் எழுதும் விலாசம் என்றால், நடப்புக் கோப்பகத்தை நம்பிச் சொல்லும் பெயர் 'தெருக்கோடி வீடு' என்பதைப் போல. எந்தத் தெரு என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பாடநூல்கள் மர வடிவக் கோப்பு அமைப்பைப் பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் மரத்தை மனிதர்கள் பயன்படுத்தக்கூடியதாக ஆக்கியது நடப்புக் கோப்பகம்தான் என்பது என் எண்ணம். கட்டளைவரியின் வசதிகளில் பாதியும் விபத்துகளில் முக்கால்வாசியும் இந்த ஒரு பதிவிலிருந்தே கிளைத்தவை. அதன் கதையைத் தொடர்ந்து போனாலே கட்டளைகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பது விளங்கிவிடும்.

எம்ஐடியில் 1961இல் முதன்முறையாக இயக்கிக் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு அமைப்பில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கோப்புப் பட்டியல் இருந்தது. அதற்குள் இன்னொரு பட்டியல் கிடையாது. போவதற்கு இடமே இல்லாதபோது வழி எதற்கு? அதற்கு அடுத்து வந்த மல்டிக்ஸ் திட்டத்துக்காக ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் 1965இல் ஒரு கட்டுரை அளித்தார்கள். வேர், கிளைகள், கோப்பகத்துக்குள் கோப்பகம், ஒரு கிளையிலிருந்து இன்னொன்றைச் சுட்டும் இணைப்பு என்று இன்று நாம் அறிந்த வடிவம் ஏறக்குறைய முழுமையாக அதில் இருக்கிறது. பணிக் கோப்பகம் என்ற கருத்தும் அங்கேயே வந்துவிட்டது. மல்டிக்ஸின் கட்டளைகளுக்கு நீளப் பெயர் ஒன்றும் குறும்பெயர் ஒன்றுமாக இரண்டு இருந்தன. பட்டியலிடும் கட்டளையின் குறும்பெயர் எல்எஸ், இருக்குமிடத்தை அச்சிடுவதன் குறும்பெயர் பிடபிள்யூடி. யூனிக்ஸ்காரர்களின் சிக்கனம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த மூன்றெழுத்தும் இரண்டெழுத்தும் உண்மையில் மல்டிக்ஸ் வீட்டுச் சீர். பாதையைப் பிரிக்க மல்டிக்ஸ் '>' குறியையும், தாய்க் கோப்பகத்துக்கு ஏற '<' குறியையும் வைத்தது. யூனிக்ஸில் '>' வேறு வேலைக்குப் போய்விட, பாதைக்கு '/' வந்தது.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் 1969இல் பிடிபி-7 கணினியில் எழுதிய முதல் யூனிக்ஸில் பாதை என்பதே இல்லை. கட்டளைக்குக் கொடுக்கும் பெயர் நடப்புக் கோப்பகத்தில் இருக்கும் ஒரு பெயராக மட்டுமே இருக்க முடியும். மற்றொரு பயனரின் கோப்பு வேண்டுமென்றால் இணைப்புகளைக் கோத்துக்கோத்துப் போக வேண்டும். அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது புதுக் கோப்பகம் உருவாக்கவும் வழியில்லை. காகித நாடாவிலிருந்து கோப்பு அமைப்பை மறுபடி உருவாக்கும் வேளையில்தான் அது முடியும். இதனால் உட்கோப்பகங்கள் இருந்தும் யாரும் அவற்றைப் பயன்படுத்தவில்லை என்று தாம்ப்சனோடு யூனிக்ஸை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி பின்னாளில் ஒரு நினைவுக் கட்டுரையில் எழுதினார். மரம் இருந்தது, ஏறத்தான் வழியில்லை.

அதே நினைவுக் கட்டுரையில் ரிச்சி சொல்லும் இன்னொரு சம்பவம் இந்தத் துறையின் மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று. தொடக்கத்தில் ஒரு முனையத்துக்கு ஒரே ஒரு ப்ராசஸ் இருந்தது. கோப்பகம் மாற்றும் கட்டளை, அன்றைய பெயரில் சிஎச்டிர், மற்ற எல்லாக் கட்டளைகளையும் போல வட்டில் கிடந்த ஒரு சாதாரண நிரல். பிறகு ஃபோர்க் வந்தது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல், ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பிள்ளை ப்ராசஸைப் பெற்று, வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் ஏற்பாடு அது. எல்லாரும் மகிழ்ந்திருந்த நேரத்தில் சிஎச்டிர் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. நிரலை வரிவரியாகப் படித்தும் பிழை அகப்படவில்லை. கடைசியில்தான் புரிந்தது. கட்டளை சரியாகவே வேலை செய்திருக்கிறது. பிள்ளை ப்ராசஸ் தன் நடப்புக் கோப்பகத்தை ஒழுங்காக மாற்றிக்கொண்டு, உடனே செத்துப்போனது. தாயான ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு சிஎச்டிர் கட்டளையை ஷெல்லே தனக்குள் செய்துகொள்ளும்படி மாற்றினார்கள். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அதற்கு சிடி என்ற சுருக்கப் பெயரும் சேர்ந்தது.

இன்றும் இந்த விதி அப்படியே நிற்கிறது. பத்து வரி ஸ்கிரிப்ட் ஒன்றில் சிடி எழுதி அதை ஓட்டிப் பாருங்கள். முடிந்ததும் பழைய இடத்திலேயே இருப்பீர்கள். புதியவர்கள் இதைப் பிழை என்று நினைக்கிறார்கள், அது பாதுகாப்பு. யாரோ எழுதிய நிரல் ஓடி முடிந்த பிறகு நம் காலடியில் தரை மாறியிருந்தால் எந்தக் கட்டளையை நம்பித் தட்டுவது?

கெர்னல் வைத்திருக்கும் அந்தப் பதிவில் இருந்தது பாதையின் பெயர் அல்ல. வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்பகத்துக்கும் ஓர் எண் உண்டு, ஐநோடு எண். கோப்பகம் என்பது பெயரையும் எண்ணையும் சேர்த்து எழுதிய பட்டியல். பழைய யூனிக்ஸில் ஒரு பதிவுக்கு 16 பைட்டுகள்: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. கெர்னலுக்குத் தெரிந்தது எண் மட்டுமே. ஆகவே 'எங்கே இருக்கிறேன்' என்ற எளிய கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க அந்தக் காலத்து பிடபிள்யூடி உழைக்க வேண்டியிருந்தது. தாய்க் கோப்பகத்துக்கு ஏறும், அங்குள்ள பட்டியலில் தான் விட்டுவந்த எண் எந்தப் பெயருக்கு நேரே இருக்கிறது என்று தேடும், பிறகு அதற்கும் மேலே ஏறும். வேரைத் தொட்டதும் சேர்த்துவைத்த பெயர்களைத் திருப்பி அடுக்கி அச்சிடும். இன்றைய லினக்ஸில் கெர்னலிடமே கேட்டுவிடலாம்.

பெயரல்ல, எண்ணே ஆதாரம் என்பதால் விசித்திரங்கள் நடக்கின்றன. லினக்ஸில் நீங்கள் நின்றுகொண்டிருக்கும் கோப்பகத்தை இன்னொரு முனையத்திலிருந்து அழித்துவிட முடியும். உங்கள் ஷெல் அங்கேயே இருக்கும். எல்எஸ் தட்டினால் வெறுமை, புதுக் கோப்பு உருவாக்க முயன்றால் பிழைச் செய்தி. விண்டோஸ் இதை அனுமதிப்பதில்லை, பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிடும். பென் டிரைவைக் கழற்றப் போனால் 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று லினக்ஸ் அடம்பிடிப்பதற்கும் பலமுறை இதுவே காரணம். திறந்த கோப்பு எதுவும் இருக்காது. மறந்துபோன ஏதோ ஒரு முனையத்தில் ஒரு ஷெல் அந்த டிரைவுக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

ஒவ்வொரு கோப்பகத்திலும் '.' என்றும் '..' என்றும் இரண்டு பதிவுகள் உண்டு. முன்னது அந்தக் கோப்பகமே, பின்னது அதன் தாய். எல்எஸ் தட்டும்போதெல்லாம் இவை இரண்டும் பட்டியலில் வந்து தொந்தரவு செய்ததால், அவற்றைத் தவிர்க்க எல்எஸ்ஸில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. முழுப் பெயரையும் ஒப்பிடாமல் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தது அந்தச் சோதனை. விளைவு, புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் கண்ணிலிருந்து மறைந்தன. நிரலாளர்கள் அதையே வசதியாக்கித் தங்கள் அமைப்புக் கோப்புகளைப் புள்ளிக்குப் பின்னால் ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள். இன்று எந்த லினக்ஸ் வீட்டுக் கோப்பகத்தைத் திறந்தாலும் இப்படி ஒளிந்திருப்பவை ஒரு பெரும் கூட்டம். பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் இந்தக் கதையை எழுதி, குறுக்குவழி எடுத்த ஒரு வரி நிரல் எத்தனை பத்தாண்டுகளுக்குக் குப்பை சேர்க்கும் என்று நொந்துகொண்டார். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. ஆனால் ஒரு அம்சம் யாரும் திட்டமிடாமலே உலக வழக்காகிவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

டாஸ் மரபு வேறு வழியாக வந்தது. கேரி கில்டாலின் சிபி/எம் என்னும் இயங்குதளத்தின் வழியில் பிறந்த டாஸ் 1981இல் ஐபிஎம் பிசியோடு வெளிவந்தபோது அதில் உட்கோப்பகமே கிடையாது. 160 கிலோபைட் ஃபிளாப்பியில் 64 கோப்புகளுக்குத்தான் பட்டியலில் இடம். அதற்கு மரம் தேவையில்லை. 1983 மார்ச்சில் 10 மெகாபைட் வன்தட்டோடு பிசி எக்ஸ்டி வந்ததும் நிலைமை மாறியது. கூடவே வந்த டாஸ் 2.0, மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்திருந்த சீனிக்ஸ் என்னும் யூனிக்ஸ் வகையிலிருந்து மரத்தையும், சிடி, எம்கேடிர், ஆர்எம்டிர் போன்ற கட்டளைகளின் போக்கையும், இரட்டைப் புள்ளியையும் எடுத்துக்கொண்டது. '/' மட்டும் எடுக்க முடியவில்லை, கட்டளைகளின் விருப்பங்களைக் குறிக்க டாஸ் அதை முன்பே கொடுத்துவிட்டிருந்தது. அதனால் எதிர்ப்பக்கம் சாய்ந்த '\' வந்தது. டாஸின் உள்ளே இருக்கும் கோப்பு அழைப்புகள் இரண்டு சாய்கோடுகளையுமே ஏற்றுக்கொண்டன. கட்டளைவரிதான் ஒன்றை மறுத்தது. ஜப்பானியக் கணினிகளில் '\' இருக்க வேண்டிய குறியெண்ணில் அவர்கள் நாணயமான யென்னின் சின்னம் இருந்ததால், அங்கே பாதைகள் எல்லாம் பணக்குறியோடு தெரிந்தன.

யூனிக்ஸில் எத்தனை வட்டுகள் இருந்தாலும் வேர் ஒன்றுதான், எல்லா வட்டும் அந்த ஒரே மரத்தில் ஒட்டப்படும். டாஸில் ஒவ்வொரு டிரைவும் தனி மரம், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு நடப்புக் கோப்பகம். சி டிரைவில் இருந்துகொண்டு டி டிரைவின் ஒரு கோப்பகத்துக்கு சிடி கொடுத்தால் திரையில் எதுவும் மாறாது. ஆனால் டி டிரைவின் 'இங்கே' அமைதியாக மாறியிருக்கும். இந்த ஒரு நடத்தை எத்தனை பேரைக் கட்டளைவரியைவிட்டே ஓட வைத்திருக்கும்! இன்றைய விண்டோஸிலும் பழைய கட்டளைத் திரையில் இது அப்படியே இருக்கிறது. வெறும் சிடி என்று மட்டும் தட்டினால் டாஸ் இருக்குமிடத்தைச் சொல்லும், யூனிக்ஸ் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக் கோப்பகத்துக்குக் கொண்டுபோய்விடும். இரண்டு உலகத்திலும் வேலை செய்கிறவர்கள் இடம் தெரிந்துகொள்ளக் கேட்டு, இடத்தையே இழப்பது இதனால்தான்.

வேறு மரபுகளும் இருந்தன. டெக் நிறுவனத்தின் விஎம்எஸ் கோப்பகங்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதியது, மேலே ஏற ஒரு கழித்தல் குறி. 2006இல் வந்த பவர்ஷெல், விண்டோஸின் பதிவகத்தைக்கூட ஒரு டிரைவாகக் காட்டி அதற்குள்ளும் சிடி போகவிட்டது. இவையெல்லாம் தனித்தனியே சுவையானவை, ஆனால் அடிப்படையில் புதிய கேள்வி எதையும் எழுப்பவில்லை.

விரல் வலி குறைக்க வந்த வசதிகள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் பிறந்தவை. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல் வீட்டுக் கோப்பகத்துக்கு '~' குறியைக் கொடுத்தது. அவர் காலத்தில் புழங்கிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் 'ஹோம்' என்ற சொல்லும் அந்த அலைக்குறியும் ஒரே விசையில் இருந்தன. சென்ற இடங்களை அடுக்கி வைத்துத் திரும்பிவர புஷ்டி, பாப்டி என்ற இரண்டும் அங்கேதான் புழக்கத்துக்கு வந்தன. கடைசியாக இருந்த இடத்துக்குத் திரும்ப 'சிடி -' என்ற குறுக்குவழி கார்ன் ஷெல்லின் கொடை. பாதிப் பெயரைத் தட்டி டேப் அழுத்தினால் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும் உத்தியின் மூலம் டெனெக்ஸ் என்ற பழைய இயங்குதளம். டிசி-ஷெல்லின் பெயரில் முதலில் நிற்கும் 'டி' அதன் நினைவாக வைத்ததே. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் டேப்பை வைத்துக்கொள்வேன். தட்டச்சு மிச்சம் என்பதற்காக அல்ல. பெயர் நிரம்பவில்லை என்றால் நீங்கள் நினைக்கும் இடத்தில் நீங்கள் இல்லை என்று அது உடனே சொல்லிவிடுகிறது.

மரம் மரமாகவே இருந்தவரை '..' என்பதற்கு ஒரே பொருள். 1983இல் 4.2 பிஎஸ்டியில் குறியீட்டு இணைப்புகள் வந்ததும் அது கெட்டது. ஓர் இணைப்பு வழியாகக் கிளையின் வேறு மூலைக்குப் போய், அங்கிருந்து 'சிடி ..' கொடுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டுமா, அல்லது இப்போது நிற்கும் கோப்பகத்தின் உண்மையான தாய்க்குப் போக வேண்டுமா? கெர்னலுக்கு இரண்டாவது மட்டுமே தெரியும். மனிதர் எதிர்பார்ப்பது முதலாவதை. இன்றைய ஷெல்கள் வந்த வழியைத் தாங்களே நினைவில் வைத்துக்கொண்டு முதலாவதைச் செய்கின்றன. ஆனால் அதே இடத்திலிருந்து 'எல்எஸ் ..' கொடுத்தால் எல்எஸ் கெர்னலைக் கேட்டு இரண்டாவதைக் காட்டும். ஒரே திரையில், அடுத்தடுத்த வரிகளில், ஒரே இரட்டைப் புள்ளிக்கு இரண்டு அர்த்தம். ராப் பைக் 2000இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, பிளான் 9 இயங்குதளத்தில் வந்த வழியையே கெர்னல் நினைவில் வைக்கும்படி செய்தார். மற்ற உலகம் குழப்பத்தோடு வாழப் பழகிக்கொண்டது.

பாதுகாப்புக் கேள்வி இதைவிடக் கடுமையானது. நீங்கள் எல்எஸ் என்று தட்டும்போது அந்த நிரலை ஷெல் எங்கே தேட வேண்டும்? யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் முதலில் நடப்புக் கோப்பகத்தில் தேடுவதே வழக்கம். டாஸும் அப்படியே. பொதுக் கோப்பகம் ஒன்றில் எல்எஸ் என்ற பெயரில் ஒரு விஷம நிரலை யாராவது போட்டுவைத்தால், அங்கே வந்து பட்டியல் கேட்கிறவர் அதைத்தான் ஓட்டுவார். பின்னால் வந்த யூனிக்ஸ்கள் நடப்புக் கோப்பகத்தைத் தேடலிலிருந்து விலக்கின. நம் சொந்த நிரலை ஓட்டக்கூட முன்னால் './' போட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. பவர்ஷெல்லும் இதே பக்கம் சேர்ந்துகொண்டது. இன்னொரு ஆபத்து ஸ்கிரிப்டுகளில். ஒரு வரியில் தற்காலிகக் கோப்பகத்துக்கு சிடி, அடுத்த வரியில் அங்குள்ள எல்லாவற்றையும் அழி. அந்த சிடி தோற்றுப்போனால், அடுத்த வரி நின்ற இடத்திலேயே அழிக்கும். ஷெல்செக் போன்ற சோதனை நிரல்கள், சிடி தோற்றால் நிறுத்து என்று எழுதாத ஒவ்வொரு வரிக்கும் எச்சரிக்கை கொடுப்பது இதனால்தான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் சிக்கல்களும் உண்டு. 1992இல் நியூஜெர்சி உணவகம் ஒன்றில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 முறையை வடிவமைத்தபோது, '/' என்பதற்கான பைட் வேறு எந்த எழுத்தின் உள்ளேயும் வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள். பாதைப் பெயர்கள் உடையக்கூடாது என்பதே நோக்கம். அதனால் பழைய யூனிக்ஸ் கெர்னலுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தமிழ்ப் பெயர்களைச் சுமக்க முடிகிறது. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் ஆகும், புள்ளிக்கும் கொம்புக்கும்கூட. 'தமிழ்' என்ற சொல் 15 பைட்டு. முன்பு சொன்ன பழைய யூனிக்ஸின் 14 பைட்டுப் பெயருக்குள் அது அடங்காது. இன்றைய லினக்ஸின் 255 பைட்டு வரம்பில் 85 குறிகள் கிடைக்கும், இது போதும். உண்மையான தொல்லை வேறு. 'கொ' என்ற எழுத்தை இரண்டு குறிகளாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்று குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸின் வழக்கமான கோப்பு அமைப்புக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். ஒரே கோப்பகத்தில் 'கொடி' என்று இரண்டு கோப்புகள் அருகருகே உட்கார்ந்திருக்கும். ஒன்று மட்டும் இருந்து, அதன் பெயரை மற்ற வடிவில் தட்டினால் இல்லை என்று பதில் வரும். மேக் கணினிகளின் கோப்பு அமைப்பு இரண்டையும் ஒன்றாகவே கருதுவதால், அங்கிருந்து லினக்ஸுக்கு வரும்போதுதான் இது வெளிப்படுகிறது. பல முனையங்களில் தமிழ் எழுத்துகளின் அகலம் தவறாகக் கணக்கிடப்பட்டு எல்எஸ் நெடுவரிசைகள் கோணலாகித் தெரிவதையும் சேர்த்துக்கொண்டால், தமிழ்ப் பயனர்கள் கோப்புப் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

இந்த மரமும் நடையும் இனித் தேவையா? 2007இல் வந்த ஐஃபோன் கோப்புகளையே கண்ணில் காட்டவில்லை. கோப்புகளுக்கென ஒரு செயலியை ஆப்பிள் கொடுக்கப் பத்து ஆண்டு ஆனது. தேடல் பெட்டி இருக்கும்போது இடம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. 2021இல் தி வெர்ஜ் இதழ் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அறிவியல், பொறியியல் மாணவர்களுக்குக் கோப்பு 'ஓரிடத்தில்' இருக்கிறது என்ற எண்ணமே இல்லை என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். மறுபக்கம், இஸ்ரேலிய ஆய்வாளர் ஓஃபர் பெர்க்மனும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தேடுபொறி மேம்பட்டபோதும் மக்கள் தங்கள் சொந்தக் கோப்புகளுக்குக் கோப்புறை வழியாகவே போனார்கள், இடம் மறந்துபோனால் மட்டுமே தேடினார்கள் என்று கண்டது. யேல் பென் தலைமையில் 2015இல் வந்த மூளைப் படமெடுப்பு ஆய்வு ஒருபடி மேலே போனது. கோப்புறைகளினூடே போகும்போது, நிஜ இடங்களில் வழி கண்டுபிடிக்க உதவும் மூளைப் பகுதிகள் இயங்குகின்றன. சொல் கொடுத்துத் தேடும்போது மொழிக்கான பகுதி இயங்குகிறது. இவை வரைகலைத் திரையில் செய்த ஆய்வுகள். கட்டளைவரிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். படம் காட்டாத கறுப்புத் திரையில் அந்த வரைபடத்தைப் பயனரே மனதில் வரைய வேண்டியிருக்கிறது. அதனால் கற்பது கடினமாகிறது. ஒருமுறை வரைந்தவர்கள் விடாமல் பிடித்துக்கொள்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பழக்கத்தைக் கவனித்து அடிக்கடி போகும் கோப்பகங்களுக்குப் பெயரின் ஓரிரு எழுத்திலேயே தாவவிடும் சிறு கருவிகள் இப்போது பரவலாக இருக்கின்றன. நடையையும் தேடலையும் அவை கலந்துவிடுகின்றன. வேலை வேகமாகும், ஆனால் கற்றுக்கொள்பவருக்கு முதல் நாளே கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி. எங்கிருந்து எங்கே வந்தோம் என்று தெரியாமலே அவர் தாவிக்கொண்டிருப்பார். இதற்கிடையே சிடியைத் தட்டுவோர் பட்டியலில் மனிதரல்லாதோரும் சேர்ந்துவிட்டனர். நிரல் எழுதித்தரும் ஏஐ கருவிகள் தாங்களே ஷெல்லைத் திறந்து கோப்பகம் கோப்பகமாகப் போகின்றன. ஒரு சிடிக்குப் பிறகு அவையும் இடத்தைத் தவறவிட்டு, இல்லாத பாதையில் கோப்பைத் தேடுகின்றன. இதைக் கண்ட வடிவமைப்பாளர்களில் சிலர், கோப்பைத் திருத்தும் கட்டளைகளுக்கு வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி கருவிகளை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.